கழுத்தின் கனம்

மரம்தான் வீங்கியிருக்க வேண்டும். மழை விட்டபாடில்லை, கதவு சட்டத்துக்குள் போக மறுக்கிறது, மேசை இழுப்பறை பாதி வழியில் சிக்கிக்கொள்கிறது, கிடாரின் கழுத்து மட்டும் சும்மா இருக்குமா. வீங்கியிருக்கட்டும். ஒரு மயிரிழை வீங்கியிருந்தால்கூடப் போதும்.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெர்னியர் அளவுகோலின் இரண்டு தாடைகளுக்கும் நடுவே கழுத்தைக் கொடுத்து, முதல் ஃப்ரெட் கம்பிக்குப் பின்னால் மெல்ல நெருக்கினாள். எண்ணைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். இருபத்திரண்டரை மில்லிமீட்டர். கல்யாணமான புதிதில் அளந்தபோதும் அதே இருபத்திரண்டரைதான்.

"என்ன சொல்லுது?" என்றார் கணவர். பட்டறையின் ஒற்றை முக்காலியில், இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்படியேதான் இருக்கு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை."

"உன் வெர்னியர் பொய் சொல்லுது. நெக் தடிச்சுப்போச்சு. எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாப் பிடிக்கிற கை."

"வெர்னியர் எதுக்குப் பொய் சொல்லணும்? அது என்ன உங்க அக்காவா?"

"காதுல விழுது," என்று உள்ளேயிருந்து அவருடைய அக்காவின் குரல் வந்தது. மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூவரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதானா என்று பிற்பாடு அவள் பலமுறை யோசித்துப் பார்த்தாள். இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. கிடார் பழுது பார்ப்பது அவள் தொழில். பாஸ் கிடார் வாசிப்பது அவருடையது. நான்கு தடித்த தந்திகள், பாட்டுக்கு அடியில் தரைபோலக் கிடக்கிற ஒலி. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நின்றுபோனால்தான் ஏதோ குறைகிறது என்று தலையைத் திருப்புவார்கள். மேடையில் நின்ற இடத்தைவிட்டு அசையமாட்டார் என்பதால் அவருடைய இசைக்குழுவில் அவருக்குத் 'தூண்' என்று பெயர். அவருடைய பாஸ் அவரைவிட வயதில் மூத்தது. கழுத்து உலக்கை மாதிரி. கடன் வாங்கி வாசித்த யாரும் இரண்டாவது பாட்டுக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை. அதில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம்.

அந்த உலக்கைதான் இப்போது இன்னும் தடித்துவிட்டது என்கிறார்.

"தடிமன் இல்லைன்னா வடிவமா இருக்கும்," என்றாள். "வேற ரெண்டு மூணு பிடிச்சுப் பாருங்க, புரிஞ்சுடும்."

சுவரில் வாடிக்கைக்காரர்களுடைய மூன்று பாஸ்கள் தொங்கின. ஒன்றொன்றாக இறக்கிக் கொடுத்தாள். இந்த ஒப்பீடு அவளுக்குப் பிடித்தமான வேலை. பழைய காலத்துக் கழுத்துகளைக் கையால் முடித்தார்கள்; செதுக்கியவன் அன்றைக்கு வீட்டில் யாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தான் என்பதைக்கூடக் கழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு, அக்கா தங்கை மாதிரி, ஜாடை ஒன்றாகவும் சுபாவம் வேறாகவும் இருக்கும். இப்போது வருவதை இயந்திரம் வெட்டுகிறது. ஒன்றைப் பிடித்தால் எல்லாவற்றையும் பிடித்த மாதிரி. மெலிசு, முதுகு தட்டை, வழவழப்பு. கடைக்கு வருகிறவர்கள் பலர் அகலத்தைத் தடிமன் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அகலம் விரல்களுக்கான கணக்கு, தடிமன் உள்ளங்கைக்கான கணக்கு என்று அவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்வாள்.

முதலாவது அவருடையதைவிடச் சில வருஷம் இளையது; மேல்முனையில் குறுகி, நடுவில் ஒல்லியாகப் போகும். நான்கு சுரம் வாசித்துவிட்டு, "ம்ஹூம்," என்று திருப்பிக்கொடுத்தார். இரண்டாவது அகலம் அதிகம், கனம் குறைவு. "இது சப்பாத்திக்கட்டை மாதிரி இருக்கு." மூன்றாவது புத்தம் புதியது, பத்தொன்பது மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதில் ஒரு பாட்டின் பாதிவரை போனார். சுண்டுவிரல் தந்தியிலிருந்து வழுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது.

"இதுவும் தடி," என்றார்.

"இது தடியா? இதைவிட மெலிசா வேணும்னா ஸ்கேல்லதான் தந்தி கட்டணும்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் அப்போதே நிறுத்தியிருக்கலாம். பத்தொன்பது மில்லிமீட்டரும் தடி என்றால் கோளாறு மரத்தில் இல்லை என்று தெருவில் போகிற யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் இருவரும் விஷயம் தெரிந்தவர்கள். தெரிந்தவர்களுக்கு எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். கழுத்து மெலிய மெலிய உள்ளங்கைக்குப் பிடிமானம் போய்விடும்; பிடிமானம் இல்லாதபோது விரல்கள் கூடுதலாக இறுக்கும்; இறுக்கினால் சுண்டுவிரல்தான் முதலில் களைக்கும். இது உண்மை. எத்தனையோ பேருக்கு அவளே இதைச் சொல்லி, புதிது வாங்கப் போனவர்களைப் பழையதிலேயே நிறுத்தியிருக்கிறாள்.

"அப்போ நெக்கோட ரெண்டு பக்கத் தோள்பட்டையையும் கொஞ்சம் இழைச்சு எடுத்தாப் போதும். நடு முதுகு அப்படியே இருக்கட்டும்," என்றார் அவர்.

"அதைத்தான் நானும் நினைச்சேன்," என்றாள்.

இருவருக்கும் அப்படி ஒரு நிம்மதி. ஒரு மாசம், ஒன்றரை மாசம் அந்த நிம்மதியிலேயே போயிற்று.

இழைப்பதற்கு முன்னால் அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கழுத்தின் அச்சாகச் செதுக்கிய ஒரு கட்டையில் ஈரக் களிமண்ணை அப்பி, வாசிக்கிறவர் கையில் கொடுப்பாள். மேடையில் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடியுங்கள், அழுத்துங்கள், விடுங்கள். கை எங்கே பாரம் போடுகிறது, எங்கே சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது என்று மண் சொல்லிவிடும். சும்மா தொட்டுக்கொண்டிருக்கிற இடத்து மரத்தைத்தான் எடுப்பாள். பட்டறை ஆரம்பித்த காலத்தில் இதை அவர் கையில்தான் பழகினாள். அப்போதைய அச்சு ஒன்று காய்ந்து, வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டும் மாதிரியாக அலமாரியில் இருக்கிறது.

அவர் பிடித்துக் கொடுத்த புதிய அச்சை அதன் பக்கத்தில் வைத்தாள்.

பழையதில் கட்டைவிரலின் அடிமேடு ஒரு கரண்டி அளவுக்குக் குழித்திருந்தது. ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவிலிருக்கும் தசை, மண்ணைப் பிதுக்கி வரப்பு கட்டியிருந்தது. புதியதில் அந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது. கையே படாத இடம் மாதிரி. நான்கு விரல் நுனிகள் மட்டும், அதுவும் மூன்றுதான், நகத்தால் கீறியதுபோலத் தெரிந்தன.

மறுநாள் காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் பார்த்த கை. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சதை இருந்த இடம் உள்வாங்கி, தண்ணீர் ஊற்றினால் நிற்கும் போலிருந்தது. எப்போதிலிருந்து? சட்டைப் பொத்தானை அக்காவிடம் போடச் சொன்னாரே, அப்போதிருந்தா? பாட்டில் மூடியை 'நீ திற, எனக்கு வழுக்குது' என்றாரே, அதற்கும் முன்னாலிருந்தா? மனுஷன் மெலிந்துகொண்டிருந்திருக்கிறார், மரம் தடிக்கிறது என்று இருவரும் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. கழுத்தின் தோள்பட்டையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவிக் கொடுத்தாள். அவர் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, இப்போ தேவலை," என்றார். கண்ணாடியில் முகம் பார்ப்பவர்போல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னேன்ல," என்றாள் அவள்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயசுப் பெண். ஊசிகளைக் கையிலும் தோளிலும் குத்தி, அவற்றோடு கம்பியில் இணைத்த பெட்டியில் வரும் இரைச்சலைக் காதுகொடுத்துக் கேட்டாள். அவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார். பழகின ஆம்ப்ளிஃபயர் ஒன்று கெட்டுப்போய் இரைகிறது போலிருந்ததோ என்னவோ. நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டு வருகின்றன என்றாள் டாக்டர். இடது கையில் ஆரம்பித்திருக்கிறது. வலது கைக்கு வரும், காலுக்கு வரும், பேச்சுக்கு வரும். மருந்து இருக்கிறது, ஆனால் அது தடுக்கிற மருந்து இல்லை, தள்ளிப்போடுகிற மருந்து.

"மூளை?" என்று கேட்டார்.

"அது தெளிவாத்தான் இருக்கும்."

"அதுதான் கெட்ட சேதி," என்றார் அவர். டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் பாதியைச் சொன்னார்கள். மீதியை அக்கா தானாகவே தெரிந்துகொண்டாள். குழுவில் யாருக்கும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் பாஸைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கே போகாதவர் போல, "இன்னும் கொஞ்சம் எடுக்கணும் போல இருக்கு," என்றார்.

அவளும் எடுத்தாள். அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம். சுருள் சுருளாக மரம் உதிர்ந்து காலடியில் விழும்போது, பொய் சொல்வதற்கு வாய் தேவையில்லை என்று அவளுக்குத் தோன்றும். இருபத்திரண்டரை, இருபத்தொன்றாகி, இருபதாகி, அந்தப் புது பாஸின் மெலிவையும் தாண்டிக் கீழே போயிற்று. உலக்கை என்று பேர் வாங்கிய கழுத்து, பிடித்தால் கைக்குள் இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி ஆகிவிட்டது. தந்திகளை ஏற்றும்போதெல்லாம் வில் மாதிரி வளைந்தது. உள்ளே ஓடும் இரும்புத் தண்டைத் திருகித் திருகி நிமிர்த்தினாள்.

ஒருநாள் டிரம்ஸ் வாசிக்கிறவர் வந்தார். 'இடி' என்றால்தான் அவருக்கே தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"என்னப்பா தூணு, ஆளையே காணோம்? மாற்றாள் வெச்சு ஓட்டிட்டு இருக்கோம். பையன் நல்லாத்தான் வாசிக்கிறான், ஆனா நிக்க மாட்டேங்கிறான், மேடை முழுக்கக் குதிக்கிறான். நான் எங்கேன்னு பார்த்து அடிக்கிறது?"

"நெக்ல வேலை நடக்குது," என்றார் கணவர். இடது கை சட்டைப் பைக்குள் இருந்தது. "இவ இழைச்சுட்டே இருக்கா. இவளுக்குத் திருப்தி வரணுமே."

"தங்கச்சி, தூணையே இழைச்சா கூரை என்னம்மா ஆகும்?" என்று இடி அவளைப் பார்த்துச் சிரித்தார். "சீக்கிரம் குடுத்துடும்மா. உனக்குக் கோடிப் புண்ணியம்."

"பார்க்கலாம் அண்ணே," என்றாள்.

அவர் போன பிறகு டீ தம்ளர்களைக் கழுவிக்கொண்டு நின்றாள். தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. 'இவளுக்குத் திருப்தி வரணுமே.' எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம். புதிதல்ல, எங்கேயோ கேட்ட மெட்டு. குழந்தை ஏன் இல்லை என்று உறவுக்காரர்கள் கேட்டபோதெல்லாம், 'இவளுக்குப் பட்டறைதானே குழந்தை' என்று இதே சிரிப்போடு சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் சொன்ன காரணம் வேறு, அது அவரிடம் இருந்தது. அந்தக் காரணம் கணவன் மனைவி இரண்டு பேரோடு நின்றது. மற்றவர்களுக்கு அவள்தான் காரணம். அக்காகூட முதல் சில வருஷங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் சுமந்தாள். பாரம் என்று தோன்றவில்லை. அன்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயர் தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டாள். ஆனால் ஒரே தோளில் எத்தனை.

சனிக்கிழமை குழு மொத்தமும் வீட்டுக்கு வருவதாக இடி போன் செய்தார். வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு, கணவர் பட்டறைக்கு வந்தார். நடை கொஞ்சம் இழுத்தது. அவள் யாருடைய கிடாருக்கோ தந்தி மாற்றிக்கொண்டிருந்தாள். மேசைமேல் அவருடைய பாஸ், தந்தி ஏற்றாமல், முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

"இன்னும் ஒரு சுத்து எடுத்துடு," என்றார்.

"இதுக்கு மேல எடுத்தா உள்ளே இருக்கிற ராடு வெளியே தெரியும்."

"தெரியும்."

"தந்தி ஏத்தினாத் தாங்காது. ஒடிஞ்சுடும்."

"அதுவும் தெரியும். நான் என்ன நேத்து வந்தவனா?"

கையிலிருந்த தந்தியை அப்படியே விட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை; ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டுச் சுவரில் மழைத் தண்ணீர் இறங்கிய கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடியட்டும்," என்றார். "சனிக்கிழமை அவங்க வரும்போது இங்கேயே ரெண்டாக் கிடக்கட்டும். இவ இழைச்சு இழைச்சு ஒடிச்சுட்டா, இந்த மாதிரி இனிமே கிடைக்காது, வேற எதையும் தொட மனசு வரலைன்னு சொல்லிடறேன். நம்புவாங்க. கொஞ்ச நாள் உன்னைத் திட்டுவாங்க. அப்புறம் மறந்துடுவாங்க."

"மறைக்கவா முடியும்? நாளைக்குக் கால் வராது. அப்போ என்ன சொல்வீங்க?"

"அது அப்புறம் வந்த சீக்கு. வாசிக்கிறதை நிறுத்தினது அதனால இல்லை. முதல்ல நிறுத்தினது பாஸ் ஒடிஞ்சதால." இதைப் பல நாள் யோசித்து வைத்திருக்கிறார் என்பது அவர் சொன்ன வேகத்தில் தெரிந்தது. "கை போச்சுன்னு அந்தப் பசங்க முன்னால என்னைச் சொல்ல வைக்காதே."

"அதுக்கு என் கையா கிடைச்சுது?"

"உன் கைக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லையே."

சொன்ன பிறகு அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதில் கோபம் இல்லை, பொறாமை இருந்தது. இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் பார்க்காத ஒன்று.

உள்வாசலில் அக்கா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. "செஞ்சு குடுத்துடேன்மா," என்றாள். "மரந்தானே. சாகப்போறவன் கேக்கிறான்."

அந்த வார்த்தையை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. மூவரும் அதைத் தரையில் விழுந்த பாத்திரத்தைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் குனிந்து எடுக்கவில்லை.

மரம்தான். அவளுக்கு அந்த பாஸ்மேல் அப்படியொன்றும் உருக்கம் இல்லை. தன் தொழில் பெயர் கெட்டுப்போகும் என்பதுகூட அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை, வருகிறவர்கள் வருவார்கள். அவளைப் பயமுறுத்தியது வேறு. டாக்டர் சொன்ன அந்தத் தெளிவான மூளை. கையும் காலும் போய், பேச்சும் போய், நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கப் போகிற நாட்கள். அவருக்குச் சோறு ஊட்டுவதும் வாய் துடைப்பதும் அவள்தான். சொல்லிச் சொல்லி அவரே இதை நம்பியிருப்பார். கரண்டியைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கண்கள் அவளை, தன் பாஸை ஒடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் இருக்காது. அப்புறம் அவரும் இருக்கமாட்டார், அக்காவும் எத்தனை நாளைக்கு. அவள் மட்டும் மிச்சமிருப்பாள், உண்மை தெரிந்த ஒரே ஆளாக. குழந்தை விஷயத்தில் சொன்ன முதல் பொய்க்காவது இரண்டு பேர் இருந்தார்கள்.

மூன்று தடவை இழைத்தது நான்தான், என்று நினைத்தாள். அப்போது மறுத்திருந்தால் இப்போது இப்படிக் கேட்டிருக்கமாட்டார். ஆனால் மூன்று தடவை செய்ததாலேயே நான்காவதும் செய்தாக வேண்டுமா?

அவர் மேசையிலிருந்து சுரண்டும் தகட்டை எடுத்தார். எடுக்க நேரமாயிற்று, வலது கையால் எடுத்து, நழுவாமலிருக்க மார்போடு அணைத்து, பிறகு அவளிடம் நீட்டினார்.

"மாட்டேங்க," என்றாள்.

"என்னம்மா இது?" என்றாள் அக்கா.

"சனிக்கிழமை நான் கதவைத் திறந்து உட்காரச் சொல்றேன். டீ போடறேன். நீங்க என்ன வேணும்னாலும் சொல்லிக்குங்க, நான் குறுக்கே பேச மாட்டேன். ஆனா இதை நான் தொட மாட்டேன்."

குரல் உயரவில்லை. தனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அவர் கை நீட்டியபடியே இருந்தது. அந்தத் தகட்டின் எடை ஒன்றுமில்லை, ஒரு சீட்டுக்கட்டு அட்டை அளவுதான். அதற்கே மணிக்கட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டால் அந்தக் கைக்கு ஓய்வு கிடைக்கும். அவளுடைய உடம்பு முழுக்க அதை வாங்கிக்கொள்ளத் துடித்தது.

அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வாங்காமல் உட்கார்ந்திருந்தாள்.